படித்தவர் மதிப்பும் ஆடியவர் மதிப்பும்

1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் இயற்றிய மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கி, முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள் என்ற அளவில் வெளிவந்தபோது, அதை வாங்கிப் பிரித்தவர்களுக்குத் தாங்கள் காசு கொடுத்தது விளையாட்டுக்கா புத்தகத்துக்கா என்ற சந்தேகம் எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பெயரிடப்பட்ட அந்தப் பெட்டியில் ஆட்டப் பலகை இல்லை, காய்கள் இல்லை, பகடைகளைக்கூட வாங்கியவரே தனியாகத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. இருந்தவையெல்லாம் விதிகளும் அட்டவணைகளும் வர்ணனைகளுமே. ஒருவர் ஆட்ட நடத்துநராக அமர்ந்து ஒரு கற்பனை உலகத்தை வாய்மொழியாக விவரித்துக்கொண்டு போக, மேசையைச் சுற்றி உட்கார்ந்த நால்வரோ ஐவரோ ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அவ்வுலகில் தாம் செய்ய நினைப்பதைச் சொல்லி, சொன்னது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்வதே இந்தப் பாத்திரமேற்பு விளையாட்டு. அது நடப்பது மேசையில், விற்கப்படுவதோ புத்தகமாக. இவ்வகை நூல்களுக்கு மதிப்புரை எழுதுவதிலும் மதிப்பெண் இடுவதிலும் இன்றுவரை நிலவும் குழப்பங்களிற் பெரும்பாலானவை இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே கிளைத்தவை என்று கருதுவதற்கு இடமிருக்கிறது.

நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர் அதைப் பற்றிப் பேசுவதற்கு வேறு எந்த யோக்கியதையும் தேட வேண்டியதில்லை. பலகை விளையாட்டையோ ஒரே மாலைப்பொழுதில் இரண்டு முறை ஆடிப் பார்த்துவிடலாம். பாத்திரமேற்பு நூலின் நிலை வேறு. சுரதாளக் குறிப்போடு அச்சான கீர்த்தனைப் புத்தகத்தைப் போல, அது தன்னளவில் முழுமை பெறாமல், இன்னொருவருடைய தொண்டைக்கும் பழக்கத்துக்கும் காத்துக்கொண்டிருக்கிறது. கண்ணால் வாசித்தே அதன் இனிமையை ஓரளவு ஊகிக்கக்கூடிய வித்துவான்களும் உண்டு, பாடிப் பார்த்த பிறகே குறை தெரியவரும் இடங்களும் உண்டு. விதி நூல், உலக வர்ணனை நூல், சாகச நூல் என்று இவற்றைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒரு குறிப்பிட்ட கதைச் சூழலை ஆட்ட நடத்துநருக்கு ஆயத்தமாகத் தரும் சாகச நூலில்தான் மதிப்பீட்டுச் சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. ஆதலால் உதாரணங்களைப் பெரிதும் அவ்வகையிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

முதல் தலைமுறை மதிப்புரைகள் பத்திரிகைகளில் வந்தன. அப்பத்திரிகைகளை நடத்தியவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு சுவையான உண்மை புலப்படும். 1976இல் தொடங்கிய ‘டிராகன்’, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் சொந்தப் பத்திரிகை. 1977இல் லண்டனில் தொடங்கி, ‘ஓப்பன் பாக்ஸ்’ என்ற பகுதியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுவந்த ‘வைட் ட்வார்ஃப்’, அந்த விளையாட்டை ஐரோப்பாவில் விநியோகிக்கும் உரிமை பெற்றிருந்த கேம்ஸ் வொர்க்ஷாப்பினுடையது. 1979இல் பிறந்த ‘டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்’ கேயாசியம் என்னும் பதிப்பகத்தைச் சேர்ந்தது. ‘ஸ்பேஸ் கேமர்’ ஒரு பதிப்பகத்திடமிருந்து 1980இல் இன்னொரு பதிப்பகத்தின் கைக்கு மாறியது. கடைக்காரரே தராசும் படிக்கல்லும் வைத்திருந்த காலம் என்று இதை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அன்றைய மதிப்புரையாளர்களில் பலர் நேர்மையாகவே எழுதினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியிலிருந்த பொதுப் பதிப்பகங்களின் வாயிலாக ரிக் ஸ்வான் 1990இலும், லாரன்ஸ் ஷிக் 1991இலும் இத்துறை முழுவதையும் அளாவிய வழிகாட்டி நூல்களை வெளியிட்டார்கள். அவர்களும் டி.எஸ்.ஆருக்கு எழுதிப் பழகியவர்களே. இவ்வளவு சிறிய துறையில் எழுதுபவரும் மதிப்பிடுபவரும் ஒரே குடும்பத்தவராக இருப்பது தவிர்க்க முடியாதது. பட்சபாதம் என்று குற்றம் சாட்டுவதைவிட, உறவைத் தெரியப்படுத்தும்படி கேட்பதே காரியத்துக்கு உதவும்.

2000ஆம் ஆண்டில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, அதன் அடிப்படை விதிகளை எவரும் எடுத்துத் தம் நூலில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற திறந்த உரிமமும் உடன் வந்தது. அதன் பயனாகச் சில ஆண்டுகளுக்குள் கடைகளின் அடுக்குகள் கொள்ளாத அளவுக்குப் புத்தகங்கள் குவிந்தன. தேர்ந்தெடுக்க உதவும் மதிப்புரைக்குத் தேவை பெருகிய அந்நேரத்தில்தான், அதை எழுதும் பொறுப்பு பத்திரிகை ஆசிரியர்களிடமிருந்து விளையாட்டு ரசிகர்களின் இணையக் குழுக்களுக்குப் பெருமளவு கைமாறியது. 1996இல் தோன்றிய ஆர்.பி.ஜி.நெட், நடை என்றும் பொருள் என்றும் இரண்டு கூறுகளுக்கு ஐந்து ஐந்தாக மதிப்பெண் இடும் முறையைக் கையாண்டது. பலகை விளையாட்டுகளுக்கான தளமாகிய போர்டு கேம் கீக்கின் உடன்பிறப்பாகிய ஆர்.பி.ஜி.கீக் பத்துப் படிகள் கொண்ட அளவுகோலை எடுத்துக்கொண்டது. மின்னூல் விற்கும் டிரைவ்த்ரூ ஆர்.பி.ஜி. ஐந்து நட்சத்திரங்களோடு நில்லாமல், விற்பனை எண்ணிக்கையை ஒட்டித் தாமிரம், வெள்ளி, பொன் என்று உலோகப் பதக்கங்களையும் அணிவித்தது. விற்பனையைக் காட்டும் அந்தப் பதக்கத்தைத் தரத்தின் சின்னமாக எண்ணி வாங்குபவர் எத்தனை பேரோ!

இந்த அளவுகோல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மதிப்பெண் இட்டவர் அந்த நூலோடு எந்த விதமான பரிச்சயம் கொண்டு அதை இட்டார் என்பதை அவை கேட்பதில்லை. நம் அளவை நூலார், அறிவு பிறக்கும் வாயில்களில் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றைத் தலைமையாக வைத்து, எந்த முடிவு எந்த வாயிலால் வந்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்ட பின்னரே வாதத்துக்குள் நுழைவார்கள். ஒரு சாகச நூலைத் தம் மேசையில் ஆடி முடித்தவருடைய தீர்ப்பு காண்டல் வகையைச் சேர்ந்தது. படித்துவிட்டு ‘இது நன்றாக ஓடும்’ என்பவர் கருதல் அளவையால் பேசுகிறார். பிறர் புகழக் கேட்டும், அட்டைப்படத்தைப் பார்த்தும், அச்சாவதற்கு முன்பே கிக்ஸ்டார்ட்டர் என்னும் நிதிதிரட்டும் தளத்தில் பணம் கட்டிய உற்சாகத்திலும் பத்துக்குப் பத்து அளிப்பவருக்கு உரை ஒன்றே ஆதாரம். இம்மூன்றையும் கூட்டி வகுத்துச் சராசரி காண்பது, எட்டு முழத்தையும் ஆறு படியையும் கூட்டி விடை சொல்வதற்கு ஒப்பாகும்.

இதை ஒரு நூலைக் கொண்டு சற்று நெருங்கிப் பார்க்கலாம். கைகாக்ஸ் எழுதிய ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’, 1975இல் பால்டிமோரில் கூடிய ஒரிஜின்ஸ் மாநாட்டுக்காகப் போட்டி ஆட்டமாக வகுக்கப்பட்டு, 1978இல் நூலாக வந்தது. பொறிகள் நிறைந்த ஒரு கல்லறைக்குள் வீரர்கள் புகுகிறார்கள். நுழைவுத் தாழ்வாரத்தின் கோடியில் வாயைப் பிளந்தபடி ஒரு பச்சைப் பிசாசு முகம் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த வாய்க்குள் இருப்பது முழுக் கறுப்பு. அதற்குள் ஏறிச் செல்பவர் அந்தக் கணமே இல்லாமற் போகிறார். தப்பிக்கப் பகடை உருட்டும் வாய்ப்புக்கூட இல்லை. நாற்காலியில் சாய்ந்து படிப்பவருக்கு இது குரூரமான நகைச்சுவையாகத் தோன்றி ரசிக்க வைக்கும். தாம் உருவாக்காத பாத்திரங்களைக் கையில் வாங்கிக்கொண்டு, எந்தக் குழு அதிக தூரம் போகிறது என்று பார்க்க வந்த போட்டிக்காரர்களுக்கு அது நியாயமான சோதனை. ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஒரே பாத்திரத்தை வளர்த்து, அதன் தாய் தந்தையர் பெயர் வரை கற்பித்து வைத்திருக்கும் ஆட்டக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆர்வத்தால் தலையை உள்ளே நீட்டி அதை இழப்பாரானால், அன்று அந்த மேசையில் நிகழ்வது வேறொரு விஷயம். 2004இல் ‘டஞ்சன்’ பத்திரிகை தலைசிறந்த முப்பது சாகசங்களை வரிசைப்படுத்தியபோது இதற்கு மூன்றாம் இடம் கொடுத்தது. இதை வெறுத்து ஒதுக்குபவர்களும் இன்றளவும் இருக்கிறார்கள். இரு சாராரும் பொய் சொல்லவில்லை. போட்டியில் ஆடியதா, தொடராட்டத்தில் ஆடியதா என்ற ஒரே ஒரு குறிப்பு அவர்களுடைய மதிப்பெண்களின் பக்கத்தில் இருந்திருந்தால், அவர்களுக்குள் வழக்கே இல்லை என்பது விளங்கியிருக்கும்.

படிக்கும்போது கண்ணுக்குப் படாமல் ஆடும்போது மட்டுமே தலைகாட்டும் குறைகள் பல. ஓர் அறையின் வர்ணனையை எடுத்துக்கொள்ளுங்கள்: சுவரில் தொங்கும் கிழிந்த திரைச்சீலை, மூலையில் கவிழ்ந்த நாற்காலி, அடுப்பில் அணைந்த சாம்பல் என்று மூன்று பத்திகள் நயமாக ஓடி, நான்காம் பத்தியின் கடைசி வரியில், ‘அறையின் நடுவே மூன்று பிணந்தின்னிகள் நின்றுகொண்டிருக்கின்றன’ என்று முடிகிறது. வாசகருக்கு அது கதையின் திருப்பம். முதல் மூன்று பத்திகளையும் வாய்விட்டுச் சொல்லி, ஆட்டக்காரர் ஒருவர் நாற்காலியை நிமிர்த்தப் போய்விட்டதையும் ஒப்புக்கொண்ட பிறகு அந்த வரியைக் காணும் ஆட்ட நடத்துநருக்கோ அது மானக்கேடு. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை அவைதானே! துப்பறியும் கதைகளில் இன்னொரு விபத்து நேர்கிறது. முக்கியமான தடயம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பகடையில் இன்ன எண் விழ வேண்டும் என்று நூல் விதிக்கிறது. விழவில்லையென்றால் என்ன செய்வது என்பதை விதிக்கவில்லை. படிப்பவர் தடயம் கிடைத்துவிட்டதாகவே பாவித்து அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறார். மேசையில் அமர்ந்தவர்களோ கிடைக்காமல் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தேடினால் தடயம் கிடைத்தே தீரும், அதற்குப் பகடை வேண்டாம் என்பதையே மூல விதியாகக் கொண்டு விளையாட்டு வடிவமைப்பாளர் ராபின் லாஸ் ‘கம்ஷூ’ என்ற விதிமுறையை வகுத்தார் என்றால், இந்த இடர்ப்பாடு எத்தனை மேசைகளில் எத்தனை மாலைகளைக் கெடுத்திருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஆடி முடித்தவர் மட்டுமே மதிப்புரை எழுதலாம் என்று விதி செய்துவிடலாமே என்பார் சிலர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனை நடைமுறையில் நிற்காது. லாரி டிட்டிலியோ, லின் வில்லிஸ் ஆகியோர் கேயாசியத்துக்காக எழுதி 1984இல் வெளிவந்த ‘மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோதெப்’, நியூயார்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகைச் சுற்றும் ஒரு நீண்ட தொடராட்டம். 2018ஆம் ஆண்டுப் பதிப்பு 600 பக்கங்களுக்கு மேல். வாரந்தோறும் தவறாமல் கூடும் குழுவுக்கும் அதை ஆடி முடிக்க ஓர் ஆண்டோ அதற்கு மேலுமோ ஆகலாம். அதுவரை வாய் திறக்கக் கூடாதென்றால், வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு வழிகாட்ட எவரும் மிஞ்சமாட்டார்கள். மேலும் ஓராண்டு பொறுமையாக ஆடி முடிப்பவர்கள் பெரும்பாலும் அந்நூலை விரும்புகிறவர்களாகவே இருப்பார்களாதலால், பாதியில் கைவிட்டவர்களின் குரல் அடியோடு மறைந்துபோகும். பாதியில் கைவிட்டதும் ஒரு சாட்சியமே. ஒரு வகையில் அதுவே மிகுந்த விலையுள்ள சாட்சியம். அத்துடன், அனுபவம் முதிர்ந்த நடத்துநரின் கண்ணுக்கு, எண்ணிடப்படாத வரைபடத்தையும், பொருளகராதி இல்லாத பெருநூலையும், மேலே சொன்ன பிணந்தின்னி வாக்கியத்தையும் கண்டுபிடிக்க ஆடிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கருதலும் அளவைதான், அது காண்டலின் வேஷம் போடாதிருந்தால் போதும்.

ஆடியவர் சாட்சியத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதற்கு வலுவான காரணங்கள் இரண்டு. கெட்டிக்கார நடத்துநர் நூலின் ஓட்டைகளைத் தம்மை அறியாமலே அடைத்துக்கொண்டு போவார். சப்பையான வில்லனுக்கு உயிர் கொடுப்பார். சலிப்பூட்டும் அத்தியாயத்தைக் கத்தரிப்பார். இழுப்பறைத் தடயத்தைச் சட்டைப் பைக்கு மாற்றுவார். ஆட்டம் அமோகமாக முடிகிறது. பத்துக்கு ஒன்பது என்று புத்தகத்துக்கு மதிப்பெண் விழுகிறது. உண்மையில் அதிற் பாதியாவது அவருக்கே சேர வேண்டியது. ஆகையால் மதிப்புரையாளரிடம் கேட்கத்தக்க கேள்விகளிலெல்லாம் தலைசிறந்தது, ‘நூலில் உள்ளதில் எதை மாற்றினீர்கள், எதை விட்டுவிட்டீர்கள்?’ என்பதே. ‘விறுவிறுப்பாக இருக்கிறது’, ‘ஏமாற்றம் அளிக்கிறது’ போன்ற பத்து வாக்கியங்கள் தராத பயனை, ‘மூன்றாம் அத்தியாயத்தை முழுவதும் தூக்கிவிட்டேன், மந்திரவாதியின் தங்கை என்ற பாத்திரத்தை நானே சேர்த்தேன்’ என்ற ஒரே வாக்கியம் தந்துவிடும். புகழுரையாயினும் இகழுரையாயினும், அடுத்து அந்நூலை நடத்தப்போகிறவர் மதிப்புரையில் தேடுவது இதைத்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் விசித்திரமானது. ஐந்து பேர் அமர்ந்து ஆடும் மேசையில் புத்தகத்தை வாங்கியவரும் படித்தவரும் ஒருவரே. சாகச நூலானால் மற்றவர்கள் அதைத் திறந்து பார்ப்பதே ஆட்டத்தைக் கெடுக்கும் குற்றம். எனவே மதிப்பெண் இடுபவரும் அந்த ஒருவரே. நூல் எவருக்கு இன்பம் தரும்பொருட்டு எழுதப்பட்டதோ அந்த நால்வரின் அபிப்பிராயம் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. தமக்குப் பிடித்த நூலை மூன்று மாதம் நடத்திய ஒருவர், மற்ற நால்வரும் மரியாதைக்காகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்ததை அறியாமலே ஐந்து நட்சத்திரங்களைக் குத்திவிடலாம். ஆட்டம் முடிந்தபின் ஆட்டக்காரர்கள் நூலின் பெயரின் கீழ் தனித்த ஒரு வரிசையில், நடத்துநருடைய மதிப்பெண்ணோடு கலக்காதபடி, தம் அபிப்பிராயத்தைப் பதியலாம் என்று இடங்கொடுப்பது கடினமான காரியம் அன்று. ஆயினும் இதைப் பெரிய தளங்கள் போதிய அளவு பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

விரும்பி வாங்கியவரே மதிப்பெண் இடும் இந்தச் சாய்வு பாத்திரமேற்பு நூல்களுக்கு மட்டும் உரியதன்று. ஹூ, பாவ்லோ, ஜாங் என்னும் ஆய்வாளர் மூவர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், இணைய வணிகத்தில் பொருள்களுக்கு விழும் நட்சத்திரங்கள் ஐந்தில் பெருந்திரளாகவும், ஒன்றில் சிறு திரளாகவும், நடுவில் மிக அருகியும் காணப்படுவதைச் சுட்டி, விரும்புபவரே வாங்குகிறார், மிகவும் மகிழ்ந்தவரோ மிகவும் சினந்தவரோதான் எழுதுகிறார் என்ற இரண்டு காரணங்களைக் கூறினார்கள். முதலில் விழும் வாக்கு பின்னால் வருபவரை இழுக்கிறது என்பதையும் மக்னிக், ஆரல், டெய்லர் ஆகியோர் 2013இல் நடத்திய பரிசோதனை காட்டியது: வாசகர் குறிப்புகளுக்குச் செயற்கையாக ஒரே ஒரு சாதக வாக்கைச் சேர்த்தபோது அவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. தம் மதிப்பெண்ணை இடும் வரையில் பிறருடைய சராசரியை ஒருவர் காணாதபடி மறைத்துவைப்பது இதற்கு எளிய பரிகாரம். இலவசப் பிரதி பெற்று எழுதுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே வலியுறுத்தியிருக்கிறது. இதில் விவாதத்துக்கு ஒன்றும் இல்லை.

கணக்கைப் பொறுத்தவரை ஒரு சிறு திருத்தம் பெரும்பயன் தரும். ஐந்தே பேர் பத்துக்குப் பத்து கொடுத்த நூலையும், அறுபது பேரிடம் 8.2 சராசரி பெற்ற நூலையும் வெறும் சராசரியால் ஒப்பிட்டால், ஆசிரியரின் நண்பர்கள் ஐவரே முதலிடத்தைத் தீர்மானித்துவிடுவார்கள். ஒவ்வொரு நூலுக்கும் தொடக்கத்திலேயே, ஆறு மதிப்பெண் கொண்ட பத்து வாக்குகள் விழுந்திருப்பதாகப் பாவித்துக்கொண்டு சராசரி கண்டால், முன்னது 7.3 ஆக இறங்கும், பின்னது 7.9இல் நிற்கும். போர்டு கேம் கீக் தன் தரவரிசைக்கு இத்தகைய பாவனை வாக்குகளைச் சேர்க்கும் முறையையே நெடுங்காலமாகக் கையாள்கிறது. எனினும் கணக்கின் நேர்த்தியில் மயங்கி, ஓவியத்துக்கு இத்தனை, வரைபடத்துக்கு இத்தனை, புதுமைக்கு இத்தனை என்று எட்டுப் பத்துக் கூறுகளாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எட்டுக் கட்டங்களையும் நிரப்புகிறவர் முதலில் மனத்துக்குள் மொத்த மதிப்பெண்ணை முடிவு செய்துகொண்டு, அதற்குத் தோதாக எட்டையும் எழுதிவிடுவதே மனித சுபாவம்.

கட்டங்களுக்குப் பதிலாக வேண்டுவது சிறியதொரு முகப்புக் குறிப்பு. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் அந்நூலை இயற்றியவர், அது தழுவிய வழி, கேட்போர், அவர் பெறும் பயன் ஆகியவற்றோடு, சிலர் கொள்கைப்படி காலம், களம், காரணம் ஆகியவற்றையும் உணர்த்த வேண்டும் என்று நன்னூல் விதித்திருக்கிறது. மதிப்புரைக்கும் அவ்வளவே போதும்: படித்ததா, நடத்த ஆயத்தம் செய்ததா, ஆடியதா, ஆடியதெனில் எத்தனை அமர்வு, முடித்ததா கைவிட்டதா, போட்டியிலா தொடராட்டத்திலா, எத்தகைய ஆட்டக்காரர்களுடன், எதை மாற்றியது, பிரதி எப்படிக் கைக்கு வந்தது. ‘எத்தகைய ஆட்டக்காரர்’ என்பதற்கும் புதிதாக அளவுகோல் தேட வேண்டியதில்லை. பாத்திர நடிப்பை நாடுபவர், கதையை நாடுபவர், தம் வீரனின் பலப்பெருக்கத்தை நாடுபவர், போர்த் தந்திரத்தை நாடுபவர் என்று கிளென் பிளேகோ 1980இலேயே ‘டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்’ பத்திரிகையில் நால்வகைப்படுத்தியிருக்கிறார். அப்பாகுபாட்டில் குறை காணலாம். ஆனால் பலப்பெருக்கம் தேடும் நால்வரைக் கூட்டிவைத்துக்கொண்டு ஒரு சோகக் கதையை நடத்தித் தோற்றவர், தோல்விக்கு நூலை மட்டும் பழிக்காதபடி தடுக்க அதுவே போதும். படித்தவர் மதிப்பும் ஆடியவர் மதிப்பும் தனித்தனிச் சராசரிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகட்டும். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி தென்படுமானால், அந்த இடைவெளியே வாங்குபவருக்கு எந்த நட்சத்திரத்தையும்விட அதிகம் சொல்லும்: படிக்க இனியது, ஆட அரியது, அல்லது படிக்க வறண்டது, மேசையில் துளிர்ப்பது.

இவ்வளவு கேள்விகளைக் கேட்டால் எழுத வருபவர்கள் ஓடிப்போவார்கள் என்ற ஆட்சேபத்தில் பாதி உண்மை உண்டு. முதற்கேள்வி ஒன்றை மட்டும் கட்டாயமாக்கி, ஏனையவற்றை விரும்பினால் நிரப்பும்படி விடலாம். படித்த நிலையில் எழுதியவரை ஆறு மாதம் கழித்து, ‘ஆடினீர்களா?’ என்று ஒரு வரி கேட்டுத் திரும்ப அழைக்கலாம். அப்போது அவர் பழைய மதிப்பெண்ணை அழிக்காமல் அதன் கீழே புதியதை எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்து இருப்பதில்தான் பயன்.

இதுகாறும் குவிந்துகிடக்கும் மதிப்பெண்களை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. அவை எந்த நிலையில் இடப்பட்டவை என்பதை இனிக் கண்டறிய வழியில்லை. உரையின் சொற்களைக் கொண்டு ஊகித்து வகைப்படுத்துவது புதிய பிழைகளையே விளைவிக்கும். நிலை அறியாதவை என்ற தனித் தலைப்பின் கீழ் அவற்றை அப்படியே விட்டுவைத்து, புதிதாக வெளிவரும் நூல்களிலிருந்து இம்முறையைத் தொடங்குவதே உசிதம். மறுபதிப்பு பெறும் பழைய நூல்களில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். ‘மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோதெப்’பை 1984ஆம் ஆண்டுப் பெட்டியிலிருந்து ஆடியவரும், 2018ஆம் ஆண்டுப் பெருநூலிலிருந்து ஆடியவரும் ஒரே கதையை ஆடியிருக்கலாம், ஆனால் அவர்கள் கையாண்ட விதிகளும் பக்கங்களும் வேறு. ஆதலால் பதிப்புக்குப் பதிப்பு கணக்கைத் தனியாகத் திறந்து, பழைய பதிப்பின் புகழ் புதியதன் தலைப்பில் தானாக ஏறிக்கொள்ளாதபடி முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.